சிமென்ட் வைத்தா, வைக்காமலா? செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தும் இரண்டு வழிகள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் எல்லாரும் கேட்பது, "எந்த கம்பெனி மூட்டு, எத்தனை வருஷம் வரும்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தொடை எலும்புக்குள் இறக்கும் அந்த உலோகத் தண்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது? சிமென்டையா, எலும்பையா?

முதலில் சிமென்ட். இது வீடு கட்டும் சிமென்ட் இல்லை, பாலிமெத்தில் மெதாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக். பல் மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்கிய பொருள். பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவு பதத்துக்கு வரும், கொஞ்ச நேரத்தில் சூடாகி இறுகிவிடும். பலர் நினைப்பதுபோல இது பசையும் இல்லை. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே அடைக்கும் கலவையைப் போல, எலும்புக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பி இறுக்கிப் பிடிக்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லிதான் இந்த முறையை நிலைநாட்டியவர். தண்டின் தலையிலுள்ள பந்து, இடுப்பெலும்பில் பொருத்தும் ஒரு கிண்ணத்துக்குள் சுழலும். அவர் முதலில் டெஃப்லானில் செய்த கிண்ணங்கள் சில வருடங்களிலேயே தேய்ந்துபோயின. 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கிண்ணத்துக்கு மாறிய பிறகுதான் இன்று நாம் அறிந்த இடுப்பு மூட்டு மாற்று உருவானது.

சிமென்ட் இல்லாத முறையில் தண்டு பெரும்பாலும் டைட்டானியம் உலோகக் கலவையால் ஆனது. அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக, நுண்துளைகளோடு இருக்கும். சில தண்டுகளின் மேல் எலும்பிலேயே உள்ள கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசியிருப்பார்கள். எலும்புக் குழிக்குள் இதை இறுக்கமாகத் தட்டி இறக்குவார்கள். பிறகு சில வாரங்களில், மாதங்களில் எலும்பு வளர்ந்து அந்தத் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். உயிருள்ள பிணைப்பு என்பதால் கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வாரங்களில் தண்டு அசையக் கூடாது. அசைவு சுமார் 150 மைக்ரானை, அதாவது 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். அதாவது, தண்டை முதல் நாளிலிருந்தே அசையாமல் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு எலும்பு உறுதியாக இருக்க வேண்டும். மொத்த வழக்கும் இந்த ஒரு நிபந்தனையில்தான் தொங்குகிறது.

சிமென்டுக்குக் கெட்ட பெயர் வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை. சிமென்ட் வைத்த மூட்டுகளில் சில, வருடங்கள் போகப்போகத் தளர்ந்தன. சுற்றியுள்ள எலும்பு அரித்துப்போனது எக்ஸ்ரேயில் தெரிந்தது. உடனே இதற்கு 'சிமென்ட் நோய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிமென்ட் இல்லாத மூட்டுகள் மேல் ஆர்வம் கூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் பார்த்தால் அவற்றைச் சுற்றியும் எலும்பு அரித்தது! உண்மைக் குற்றவாளி பாலிஎத்திலீன் கிண்ணம். பந்து உரச உரச அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. உடலின் காவல் செல்கள் அந்தத் தூளை விழுங்கிச் செரிக்க முடியாமல் அழற்சியைக் கிளப்ப, அந்த அழற்சி எலும்பைக் கரைக்கிறது. 1990களின் இறுதியில் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கூடுதலாகப் பிணைத்த பாலிஎத்திலீன் வந்த பிறகு இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. சிமென்ட் மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி அதற்குச் சேராதது என்பது என் உறுதியான கருத்து.

சரி, இன்றைய நிலவரம் என்ன? தொடை எலும்பின் கழுத்து முறிந்து வரும் முதியவர்களைப் பொறுத்தவரை பதில் தெளிவாகவே இருக்கிறது. 2022-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பிரிட்டனின் 'ஒயிட் 5' ஆய்வு வெளியானது. இப்படி எலும்பு முறிந்து பாதி மூட்டு மாற்றம் (கிண்ணத்தைத் தொடாமல் பந்தையும் தண்டையும் மட்டும் வைப்பது) தேவைப்பட்ட, 60 வயதைத் தாண்டிய 1,225 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து அவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளந்தபோது சிமென்ட் குழு சிறிதளவு, ஆனால் ஐயமின்றி, முந்தி நின்றது. தண்டைச் சுற்றி எலும்பு உடைந்தது சிமென்ட் குழுவில் 0.5 சதவீதம் பேருக்கு, மற்றதில் 2.1 சதவீதம் பேருக்கு. தட்டி இறக்கும்போதோ, பின்னர் ஒரு சின்ன சறுக்கலிலோ மெலிந்த எலும்பு பிளந்துவிடுகிறது. எண்பது வயதில் அப்படி ஒரு பிளவு என்றால் இன்னொரு பெரிய அறுவை. அதைத் தாங்குவது எல்லாராலும் முடிகிற காரியமில்லை.

சிமென்டுக்கும் ஒரு நிஜமான ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. குழிக்குள் அழுத்தி நிரப்பும்போது எலும்பு மஜ்ஜையும் கொழுப்பும் ரத்தக் குழாய்களுக்குள் தள்ளப்பட்டு நுரையீரலுக்குப் போகலாம். அப்போது ஆக்சிஜன் அளவும் ரத்த அழுத்தமும் திடீரென இறங்கும். அரிதாக இதயமே நின்றுபோகலாம். சிமென்டைத் தவிர்ப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான், அது நியாயமான பயமும்கூட. ஆனாலும் அதே ஆய்வில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் சிமென்ட் குழுவில் 23.9 சதவீதம், மற்றதில் 27.8 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் சிமென்ட் உயிரைக் காத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சிமென்ட் வைத்ததால் கூடுதலாக உயிர்கள் போனதாக அதில் தெரியவில்லை என்பதே போதுமானது.

இளம் வயதினரிடம் கணக்கு மாறுகிறது. மூட்டு தேய்ந்து ஐம்பது வயதில் வருபவருக்கு எலும்பு கெட்டியாக இருக்கும், இன்னும் பல பத்தாண்டுகள் நடமாட வேண்டியவர். இவர்களிடம் சிமென்ட் இல்லாத தண்டு நன்றாகவே பிடிக்கிறது. சிமென்ட் இறுகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அறுவை நேரமும் குறைகிறது. இந்தத் தண்டு வைத்த சிலருக்குத் தொடை வலி வருவதுண்டு. மறுபடி அறுவை செய்ய நேர்ந்தால் பழைய சிமென்டைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு என்பார்கள். உண்மைதான். ஆனால் எலும்போடு நன்றாக ஒட்டிப்போன தண்டைக் கழற்ற எலும்பையே நீளவாக்கில் திறக்க வேண்டி வருவதும் உண்டு. இந்த விஷயத்தில் இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். தொற்றைத் தடுப்பதில் சிமென்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தை அதிலேயே கலந்துவிடலாம், அது அந்த இடத்திலேயே கசிந்து வேலை செய்யும்.

நடுவழியும் உண்டு: தண்டுக்குச் சிமென்ட், கிண்ணம் சிமென்ட் இல்லாமல். அறுபதுகளின் நடுவில் இருப்பவருக்கு என் தேர்வு இதுதான்.

எனக்கு உறுத்துவது ஒன்று. 1979-லேயே ஸ்வீடன் தொடங்கிய இடுப்பு மூட்டுப் பதிவேடும், அதன் பிறகு ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வந்த பதிவேடுகளும், 75 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிமென்ட் வைத்த தண்டில் மறு அறுவை குறைவு என்று காட்டுகின்றன. ஆனாலும் பல நாடுகளில் சிமென்ட் இல்லாத மூட்டுகளே கூடிக்கொண்டு போயின. 2013-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை இதற்குச் 'சிமென்டில்லா முரண்' என்றே பெயர் வைத்தது. புதியது என்பதற்காகவே ஒன்று முதியவரின் எலும்புக்குள் போகக் கூடாது.

அதனால் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை முடிவானால், மூன்றைக் கேளுங்கள். எலும்பின் உறுதியைப் பார்த்தீர்களா? இந்த வயதுக்கு ஏன் இந்த வகை? சிமென்ட் என்றால், மேலே சொன்ன நுரையீரல் ஆபத்தைக் குறைக்க, அதை நிரப்பும் நேரத்தை மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லி, குழியைக் கழுவி உலர்த்திய பிறகுதான் நிரப்புவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் குழுவிடம், இதய நோய் உள்ளவரைக்கூட நான் நம்பி அனுப்புவேன்.