குழந்தைகளுக்கான ரத்தப் பரிசோதனை பாக்கேஜ்: ரத்தம் எடுத்ததில் குறையில்லை, ரிப்போர்ட்தான் சொதப்பல்

எங்கள் ஏரியாவில் இருக்கும் ஒரு லேப் பள்ளிக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு ஹெல்த் பாக்கேஜ் போட்டிருக்கிறார்கள். உயரம், எடை, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்), சர்க்கரை, லிப்பிட் புரொஃபைல் (ரத்தத்தில் உள்ள கொழுப்பு அளவுகள்) எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். மகனுக்குப் பத்து வயது, கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான். என் மாமனாருக்கு ஐம்பது வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்தது என்பதால் குழந்தைகள் டாக்டர்தான் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்.

ரத்தம் எடுக்க வந்த தம்பியைப் பாராட்டியே ஆக வேண்டும். காலை ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு வந்தார், பையனிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டே சின்ன ஊசியால் ஒரே குத்தில் எடுத்து முடித்துவிட்டார், அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. ரிப்போர்ட்டும் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

பிரச்சினையே அந்த ரிப்போர்ட்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் 182, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 117, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 120, நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் 41, எல்லாவற்றுக்கும் நேராகப் பச்சை நிறத்தில் 'நார்மல்'. பிஎம்ஐ 21, அதுவும் நார்மலாம். டாக்டர் பார்த்ததும் முதலில் கேட்டது, 'இது யாருக்குப் போட்ட ரேஞ்ச்?' என்றுதான். மொத்தக் கொலஸ்ட்ரால் 200, எல்டிஎல் 130, ட்ரைகிளிசரைடு 150 என்ற பெரியவர்களுக்கான வரம்புகளையே பத்து வயதுப் பையனுக்கும் அச்சடித்திருக்கிறார்கள். இந்த வயதில் மொத்தக் கொலஸ்ட்ரால் 170க்குள், எல்டிஎல் 110க்குள், ட்ரைகிளிசரைடு 90க்குள் இருக்க வேண்டும், ஹெச்டிஎல் 45க்கு மேல் வேண்டும். அப்படிப் பார்த்தால் நான்குமே பார்டர்லைன்! பிஎம்ஐயை 25க்குள் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான், குழந்தைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி அட்டவணையில் பார்க்க வேண்டும், பத்து வயதுக்கு 21 என்பது அதிக எடை. குழந்தைகளுக்கான பாக்கேஜ் என்று பெயர் வைத்துக் காசு வாங்குகிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

இலவச டயட் ஆலோசனை என்று ஒரு போனும் வந்தது. எல்லாம் நார்மல், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர்களுடைய ஹெல்த் டிரிங்க் பவுடரை விற்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான். டாக்டர் சொன்னது நேர் எதிர்: மருந்து எதுவும் வேண்டாம், பாக்கெட் ஜூஸ், பேக்கரி பப்ஸ், கிரீம் பிஸ்கட்டைக் குறைக்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாட வேண்டும், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். பையனைப் பட்டினி போட்டு மெலிய வைக்கக் கூடாது, உயரம் வளர வளர எடை அப்படியே நின்றாலே போதும் என்றார். ஒல்லியான பிள்ளைகளுக்கும் பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கலாம், அதனால் குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு இருந்தால் குண்டு, ஒல்லி பார்க்காமல் டெஸ்ட் எடுப்பது நல்லது என்பதையும் அவர்தான் விளக்கினார்.

லேபுக்குப் போன் செய்து கேட்டேன். சாஃப்ட்வேரில் அப்படித்தான் வரும் மேடம் என்றார்கள். டாக்டரிடம் காட்டாமல் அந்தப் பச்சையை நம்பி நிம்மதியாக இருந்துவிடும் பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ரத்தம் எடுத்த விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து, ரிப்போர்ட்டுக்கு ஒன்று. இதுபோன்ற பாக்கேஜ் எங்கே எடுத்தாலும், பணம் கட்டும் முன் குழந்தையின் வயதுக்கான ரேஞ்ச் ரிப்போர்ட்டில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.