திருகு முடுக்கவா, சுவர் துளைக்கவா? வீட்டுக்கு டிரில் வாங்கும் முன்

வாசலருகே சாவி மாட்டும் பலகைக்கு இரண்டு துளை தேவைப்பட்டது. 12 வோல்ட் பேட்டரி டிரில்லில் 6 மில்லிமீட்டர் பிட்டைப் பூட்டி அழுத்தினேன். சிவப்புத் தூள் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் ராவல் பிளக் (சுவரில் திருகைப் பிடித்து நிறுத்தும் சிறு உறை) உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதே உற்சாகத்தில் ஏணியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, திரைச்சீலைக் கம்பிக்காகக் குறித்து வைத்திருந்த புள்ளியில் பிட்டை வைத்தேன். பூச்சு ஒரு நொடியில் போனது. அடுத்து வந்த தூள் சாம்பல் நிறம். பிறகு தூள் வருவதே நின்றுவிட்டது. மெஷின் சுற்றுகிறது, தட்டுகிறது, பிட் மட்டும் உள்ளே இறங்க மறுக்கிறது. ஐந்து நிமிடம் தோளைக் கொடுத்து அழுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால், பிட்டின் முனை சூட்டில் நீலம் பாரித்திருந்தது. துளையின் ஆழம் சுண்டுவிரல் நகம் அளவு.

இதில் மெஷினைத் திட்டிப் பயனில்லை. ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல்; கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். சுவரெல்லாம் செங்கல்லாக இருந்தாலும், திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டிய இடம் மட்டும் கான்கிரீட்டாகத்தான் இருக்கும். ஒரு வீட்டுக்காரர் டிரில்லைக் கையில் எடுக்கும் முதல் காரணமே பெரும்பாலும் திரைச்சீலைதான் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டில் ஏதோ குறும்பு இருப்பதாகவே தோன்றுகிறது.

ஆகவே, எத்தனை வோல்ட் என்று கேட்பதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று கேட்க வேண்டும். சென்னையில் லிங்கிச்செட்டித் தெரு பக்கம் ஒரு கருவிக் கடையில் என்னைக் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: “சார், வீடு செங்கல்லா, மைவானா?” மைவான் என்பது அலுமினியப் பலகைகளை நிறுத்தி, சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்க்கும் முறை. அண்மைக்கால உயரமான அடுக்குமாடிகள் பலவும் இப்படித்தான் எழும்புகின்றன. அங்கே படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதே போராட்டம். இதற்கு நேர் எதிர், இலேசான சாம்பல் நிற ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கட்டி) சுவர். அதில் எந்த மெஷினும் துளைக்கும். துளைத்த இடத்தில் பிளக் பிடித்து நிற்குமா என்பதுதான் அங்கே கவலை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது நமக்குப் பழகிய செங்கல் சுவர்.

எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால் ஒரு மூலையில் சிறு துளை போட்டு, தூளின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். வெள்ளைச் சாம்பலாக, மாவுபோலச் சுலபமாக உதிர்ந்தால் ஏஏசி. கருஞ்சாம்பலாக வந்து, இடையிடையே பிட் துள்ளினால் ஜல்லியில் மோதுகிறீர்கள் என்று பொருள்.

இனி, போட்டியில் இருப்பவை. 12 வோல்ட் பேட்டரி டிரில், 18 வோல்ட் பேட்டரி டிரில், மின்கம்பியுள்ள 500 வாட் தட்டும் டிரில் (கடையில் இம்பாக்ட் டிரில்), ரோட்டரி ஹேமர் என்று நான்கு. சட்டைப்பை அளவில் 3.6 வோல்ட் திருப்புளிகளும் உண்டு. அவற்றின் முறுக்குவிசை 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். ஸ்விட்ச் பெட்டி மூடியைக் கழற்றவும் பொம்மைக்குப் பேட்டரி மாற்றவும் அருமையானவை. சுவர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

முதலில் வோல்ட் கணக்கைத் தெளிவாக்கிக் கொள்வோம், ஏனெனில் விளம்பரத்தின் வித்தையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. ஒரு லித்தியம் அயான் செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட். மூன்று செல் சேர்ந்தால் 10.8. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அது 12-ஐத் தொடும் என்பதால் ‘12 வோல்ட்’ என்று எழுதுகிறார்கள். பாஷ் நிறுவனமே முன்பு 10.8 என்று விற்ற வரிசையைத்தான் பிறகு 12 என்று பெயர் மாற்றியது. ஐந்து செல் சேர்ந்தால் 18; முழுச் சார்ஜில் 20. டிவால்ட்டின் ஒரே வகைப் பேட்டரி அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’, ஐரோப்பாவில் 18 வோல்ட். ஆக, 18-ஆ 20-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இணையக் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ‘48’, ‘88’ என்று பெரிய எண்களை ஒட்டி விற்கிறார்களே, அவை வேறு ரகம். எண்ணுக்குப் பக்கத்தில் ‘எஃப்’ என்ற ஓர் எழுத்தும் ஒட்டியிருக்கும். நிஜமாகவே 48 வோல்ட் வேண்டுமானால் பதின்மூன்று செல் தேவை. கைப்பிடி அடியில் மாட்டும் அந்தக் கைக்கு அடக்கமான டப்பாவில் பதின்மூன்று செல் எங்கே உட்காரும்? பேட்டரியின் முதுகில் ‘வாட் அவர்’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர். மூன்று செல் பேட்டரியில் அதே 2 ஆம்பியர் அவர் என்றால் 21.6. கைவசம் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைச் சொல்லும் நேர்மையான எண் அதுதான். அது அச்சிடப்படவே இல்லை என்றால், மற்ற எண்களை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது 12-ஐயும் 18-ஐயும் அருகருகே வைப்போம். பாஷின் ஜிஎஸ்ஆர் 120 போன்ற 12 வோல்ட் டிரில் சுமார் ஒரு கிலோ எடை. 30 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கும். பிட்டைக் கவ்வும் வாயான சக் 10 மில்லிமீட்டர். 18 வோல்ட் வகை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். 50-க்கு மேல் முறுக்கும். 13 மில்லிமீட்டர் சக். விலை தள்ளுபடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஆனாலும் பெயருள்ள நிறுவனங்களில், இரண்டு பேட்டரியோடு, 12 வோல்ட் தொகுப்பு ஐயாயிரம் ஆறாயிரத்தைச் சுற்றியும் 18 வோல்ட் தொகுப்பு அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கிலும் நிற்கிறது.

அரைக் கிலோ வித்தியாசம்தானே என்று கடையில் தோன்றும். சமையலறை மேல் அலமாரியின் கீலைத் திருகும்போது, கையைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை ஒடித்துக்கொண்டு இருபது திருகு போட்டுப் பாருங்கள். அந்த அரைக் கிலோ யாரென்று தெரியும். அலமாரிக்குள் தலையை நுழைத்து வேலை செய்கையில் மெஷினின் நீளமும் இடிக்கும். 12 வோல்ட்டின் குட்டை உடம்பு அங்கே லாபம்.

அலமாரி வேலையில் முறுக்கு அதிகமிருப்பது நன்மையும் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் திருகு ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினாலே பள்ளம் சீவிக்கொண்டுவிடும். பிறகு அந்தத் துளைக்குள் தீக்குச்சியும் பசையும் வைத்துத்தான் திருகை நிறுத்த வேண்டும். இதைத் தடுக்கத்தான் சக்கின் பின்னால் எண்கள் போட்ட வளையம், கிளட்ச். நான் கீல் திருகுக்கு 4-ல் தொடங்குவேன். திருகின் தலை பலகையோடு சமமாகும் நேரத்தில் ‘கர்ர்ர்’ என்று சத்தமிட்டுப் பிடியை விட்டுவிடும். திருகு இன்னும் மேலே நின்றால் 5, அப்புறம் 6. வளையத்தின் கடைசியில் டிரில் பிட் படம் போட்ட இடத்தில் வைத்துக்கொண்டு திருகு முடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் அலமாரிக் கதவுகள் சீக்கிரமே தொங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் 18 வோல்ட் எதற்கு? தடித்த தேக்குக் கதவு நிலையில் பெரிய துளை போட, இரும்பு கேட்டில் 8 மில்லிமீட்டர் துளைக்க, கட்டிலுக்கு நீள போல்ட் முறுக்க. இந்த வேலைகளில் 12 வோல்ட் திணறும், 18 வோல்ட் அலட்டாமல் முடிக்கும். ஆனால் பிட் கம்பியிலோ கணுவிலோ சிக்கிக்கொண்டால், 50 நியூட்டன் மீட்டர் உங்கள் மணிக்கட்டைத்தான் திருப்பும். பக்கக் கைப்பிடி கொடுத்திருந்தால் கழற்றி மூலையில் போடாதீர்கள்.

கான்கிரீட் மட்டும் இரண்டுக்கும் தூரம்தான். சுத்தியல் படம் போட்ட நிலை உள்ள வகையில், அதில் வைத்தால் உள்ளே நடப்பது இவ்வளவே: பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. நிமிடத்துக்கு 25,000 தட்டுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஒவ்வொரு தட்டும் கதவைத் தயங்கித் தட்டும் விருந்தாளியின் தட்டு. செங்கல்லுக்கு அது போதும், ஜல்லிக்குப் போதாது. அந்தத் தட்டும் நீங்கள் பின்னாலிருந்து அழுத்தினால்தான் விழும். 18 வோல்ட்டை வைத்து லிண்டலில் ஒரு துளை போட்டுவிடலாம், பொறுமை இருந்தால் நாலு துளைகூட. நாலு ஜன்னலுக்கு எட்டுத் தாங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளை என்றால் பேட்டரிக்கு முன்னால் நீங்கள் தீர்ந்துவிடுவீர்கள்.

மின்கம்பியுள்ள 500 வாட் தட்டும் டிரில்லின் தட்டும் அதே பல்தட்டுத் தட்டுதான். ஆனால் அது இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரத்துச் சொச்சத்துக்குள் கிடைக்கிறது, வேகம் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டும், களைப்பு தெரியாது. லிண்டலில் மெதுவாகவேனும் இறங்கிவிடும். முக்கியமாக, பத்து ஆண்டு பரணில் கிடந்தாலும் பிளக்கை மாட்டியதும் சுற்றும். கார்பன் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் சிறு கட்டை) தேய்ந்தால் சில்லறைக் காசுக்கு மாற்றிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், சாதாரண வகைகளில் கிளட்ச் இல்லை. அதனால் திருகு முடுக்க அது உதவாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்க வேண்டும். மொட்டை மாடியிலும் வாசல் கேட்டிலும் பிளக் இருக்காது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் நமக்கு விடுப்பும் கிடைக்கும்.

மைவான் வீட்டுக்காரர்களுக்கு உண்மையான விடை ரோட்டரி ஹேமர். இதில் பல்தட்டு கிடையாது. உருளைக்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஓர் இரும்புக் கட்டையை உந்தி, அது பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடிதான். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு ஜூலுக்கு மேல். நாம் அழுத்தவே வேண்டியதில்லை, மெஷினைத் தாங்கிப் பிடித்தால் போதும். பிட்டும் வேறு வகை, பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் தண்டு. பேட்டரியில் ஓடும் ரோட்டரி ஹேமர்களும் வந்துவிட்டன. நல்ல கருவிகள்தான், ஆனால் விலை வீட்டுக்காரருக்கானதல்ல. மின்கம்பியுள்ளதே மூன்று கிலோவை ஒட்டிய எடை. வாழ்நாளில் முப்பது துளை போடப்போகிறவர் இதை வாங்குவதைவிட, ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதோ, தெரிந்த மின்பணியாளரைக் கூப்பிடுவதோ மேல்.

பேட்டரி வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. லித்தியம் பேட்டரி பயன்படுத்தினாலும் கிழமாகும், பயன்படுத்தாவிட்டாலும் கிழமாகும். சூடு அதைச் சீக்கிரம் கிழமாக்கும். என் முதல் பேட்டரி டிரில் பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு மலிவு வகை. இரண்டு கோடைகாலம் ஓட்டுச்சாய்ப்பின் கீழ்ப் பரணில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது சார்ஜர் விளக்குப் பச்சையாகவே எரிந்தது, மெஷின் அசையவில்லை. புதுப் பேட்டரிக்குத் தேடினால் அந்த மாடலே சந்தையில் இல்லை. மோட்டார் இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது, காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருக்கிறேன். அதன்பிறகு பேட்டரியைப் பாதிச் சார்ஜில், அலமாரியின் கீழ்த் தட்டில் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.

இதனால்தான், பேட்டரிக் கருவி வாங்கும்போது உண்மையில் வாங்குவது பேட்டரி வரிசையைத்தான். நாளைக்கு அதே பேட்டரியில் கிரைண்டர், தூசி ஊதி, மரம் அறுக்கும் ரம்பம் என்று சேர்க்கும் எண்ணமிருந்தால் 18 வோல்ட்டில் நுழைவதுதான் சரி. மக்கிட்டா, டிவால்ட், பாஷ் எதுவானாலும் அந்த வரிசைதான் நீளமானது. பாஷிலும் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற வீட்டுக் கருவிகளில் பொருந்தாது. பெயர் ஒன்றே என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்றால், மாதத்துக்கு ஒருமுறை திருகு போடுகிறவர் கொடுக்க வேண்டாம். கார்பன் தேயும் அளவுக்கு நாம் வேலை செய்யப்போவதில்லை.

என் கட்சி இதுதான்: செங்கல் வீட்டுக்கு 12 வோல்ட் டிரில் ஒன்று, 500 வாட் மின்கம்பி டிரில் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் நல்ல 18 வோல்ட் தொகுப்பின் விலையைப் பெரும்பாலும் தாண்டாது. ஒன்று திருகுக்கும் மரத்துக்கும், மற்றது சுவருக்கும். இரண்டு பெட்டி வைக்க இடமில்லை, ஒன்றுதான் என்று வீட்டில் உத்தரவு என்றால் 18 வோல்ட் தட்டும் டிரில். மைவான் வீடென்றால் 12 வோல்ட் மட்டும் வாங்கிவிட்டு, சுவர் வேலையை வாடகை ரோட்டரி ஹேமரிடம் விட்டுவிடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர், சுவரைத் தொடவே உரிமையாளர் விடமாட்டார் என்றால், 12 வோல்ட்டே அதிகம்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். சக்கில் நீளமான மெல்லிய பிட்டைப் பூட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு அதன் முனையைப் பாருங்கள். முனை ஒரே புள்ளியில் நின்றால் சரி. வட்டம் போட்டால் வேறு மெஷின் கேளுங்கள். பிறகு விசையை மயிரிழை அழுத்திப் பாருங்கள். எறும்பு வேகத்தில் நகரத் தொடங்க வேண்டும், எடுத்த எடுப்பில் பாயக் கூடாது. குளியலறை டைல்ஸில் துளை போடும்போது, தட்டும் நிலையை அணைத்துவிட்டு, இந்த எறும்பு வேகத்தில்தான் தொடங்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் எந்த மெஷினோடும் போகாதீர்கள். மின்கம்பிக் குழாய் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

மிச்சப்பட்ட பணத்தில் நல்ல கார்பைடு முனைப் பிட் நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். என் திரைச்சீலைக் கம்பி கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய மின்கம்பி டிரில்லில், புதுப் பிட்டில், துளைக்கு ஒரு நிமிடம் வீதம் ஏறியது. திருகை மட்டும் என் 12 வோல்ட் முடுக்கியது.