ஜாக் போன டேப்லெட்டும் புதுமண்டபத்து நீளமும்

சென்ற வாரம் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் ஐபேடைப் பழுதுபார்க்கக் கொடுத்து, மூன்று நாள் கழித்து வாங்கி வந்தேன். ஹெட்போன் ஜாக் போய்விட்டது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒயர் காதில் இருப்பதை மறந்துவிட்டுக் காபி டம்ளரை எடுக்க எழுந்தவன் நான்தான். கடைத் தம்பி 2,200 ரூபாய் வாங்கினான், அதுகூடப் பரவாயில்லை. பணத்தை எண்ணிக்கொண்டே, "இந்தக் காலத்தில் யார் அண்ணே ஒயர் மாட்டுகிறார்கள்? இந்தக் காசுக்கு நல்ல புளூடூத்தே வாங்கியிருக்கலாமே" என்றான். வீடு வந்து சேரும்வரை மனத்துக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று மாலையே மேலூரிலிருந்து உறுமி வாசிக்கும் தம்பி ஒருவன் போனில் கூப்பிட்டான். ஆடிக்கு அவர்கள் ஊர் முளைப்பாரிப் பாட்டைப் பதிவுசெய்ய வேண்டுமாம். எந்தச் செயலி நல்லது, டேப்லெட் வாங்கலாமா, செல்போனே போதுமா என்று கேட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்தப் பதில்.

நான் திருநகர்ப் பக்கம் ஒரு பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவன். 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேடை நான்கு ஆண்டுக்கு மேலாக வைத்திருக்கிறேன். அதன் திரை அளவு, விலை எல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல்கள். அதில் இலவசமாகக் கிடைக்கும், வாத்தியம் வாசிக்கவும் பாட்டுப் பதிவுசெய்யவும் உதவும் கராஜ்பேண்ட் செயலியில் நான் வாங்கிய சந்தோஷத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆர்மோனியக்காரனுக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. சொன்ன காரணங்களில் ஒன்று, அதில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வழுக்கி வாசிப்பது, வராது என்பது. உண்மைதான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற சுரத்துக்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை. கராஜ்பேண்டின் கீபோர்டில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. அதை 'பிட்ச்' என்ற நிலைக்கு மாற்றிவிட்டு, ஒரு கட்டையை அழுத்தியபடியே விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகிறது. இருபது ஆண்டு காற்றுத்துருத்தியை அமுக்கிய கை, வெறும் கண்ணாடிமேல் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அரைகுறையாகவாவது அசைத்தது. அன்று இரவு ஒரு மணிவரை நான் தூங்கவில்லை. என் மனைவியும் தூங்கவில்லை, ஆனால் அவளுக்கு அதில் எந்த இசை அனுபவமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இன்னொன்று, அதே கீபோர்டில் ஸ்கேல் தேர்ந்தெடுக்கும் வசதி. டோரியன் என்று வைத்தால் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள், மிக்ஸோலிடியன் என்றால் அரிகாம்போதியின் சுரங்கள், மேஜர் பென்டடானிக் என்றால் மோகனம். வேண்டாத சுரங்கள் பலகையிலிருந்தே காணாமற்போகின்றன. என் அண்ணன் மகள் ஒன்பது வயதில் தப்பே இல்லாமல் மோகனம் வாசித்தாள், தப்புக்கு அங்கே வழியில்லை என்பதால். வாத்தியங்களில் சீனத்து எர்ஹுவும் பிப்பாவும் உண்டு, நாகஸ்வரமும் தவிலும் இல்லை. தாளத்துக்கு 4/4, 3/4, 6/8 என மூன்றே கணக்குகள். ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ரசாபு வேண்டுமானால், தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை அணைத்துவிட்டு நாமே தட்டிக்கொள்ள வேண்டியதுதான். பஜனைக்கும் கும்மிக்கும் இந்த மூன்றே தாராளம்.

இனி அந்தப் புளூடூத் விஷயம்.

இரண்டு பொங்கலுக்கு முன் மைத்துனர் ஓர் இயர்போன் பரிசளித்தார். ஒயர் கிடையாது, வெண்மை நிறம், டப்பா மூடும்போது டப் என்று அழகான சத்தம். அதை மாட்டிக்கொண்டு, சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் பாட எங்கள் குழு கட்டிய அழகர் பாட்டைப் பதிவுசெய்தேன். திஸ்ர நடை, நிமிடத்துக்கு 90 தட்டு. முதலில் தாளத்தைப் போட்டேன். பிறகு அதைக் காதில் கேட்டபடியே பாடினேன். ஒரு வாரம் அதை எல்லாருக்கும் அனுப்பினேன். எங்கள் குழுவில் மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் மட்டும் மிகுந்த மரியாதையோடு, "அனாகத எடுப்பாகப் போட்டிருக்கிறீர்களோ?" என்று கேட்டார். தாளம் விழுந்த பிறகு சற்றுத் தள்ளிப் பாட்டை எடுப்பதற்கு அப்படிப் பெயர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்களில் அதுவும் ஒன்று.

நடந்தது இதுதான். டேப்லெட்டில் தாளம் ஒலித்த கணத்தில் அது என் காதுக்கு வரவில்லை. ஒலியைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, காற்றில் அனுப்பி, இயர்போன் அதைப் பிரித்து ஒலியாக்கும்போது, வகையைப் பொறுத்து 100 முதல் 300 மில்லிநொடி வரை ஆகிவிடுகிறது. நான் அந்தத் தாமதமான தாளத்தோடு ஒட்டிப் பாடினேன். செயலியோ என் குரலைத் தன் நேரப்படி எழுதிக்கொண்டது. 90 வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி 667 மில்லிநொடி. திஸ்ர நடையில் அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 222. என் இயர்போனின் தாமதமும் ஏறக்குறைய அவ்வளவே இருந்திருக்கிறது. கொஞ்சம் முன்பின்னாகப் போயிருந்தால் தப்பு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். சரியாக ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்ததால் அது சங்கீதமாகிவிட்டது.

எண் மனத்தில் நிற்காதவர்களுக்கு வேறு கணக்கு சொல்கிறேன். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 300 மில்லிநொடி என்றால் 105 மீட்டர். மீனாட்சி கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் நீளம் 333 அடி, அதாவது நூறு மீட்டருக்குச் சற்று மேல். தாளக்காரரை மண்டபத்தின் ஒரு கோடியிலும் பாடுகிறவரை மறு கோடியிலும் நிறுத்தி, நடுவில் அந்தக் காலத்தில் அங்கே இருந்த தையல் கடைகளின் மிஷின்கள் அத்தனையையும் ஓடவிட்டு, தாளம் தப்பாமல் பாடு என்றால் எப்படியோ அப்படி. ஒயர் மாட்டினால், டேப்லெட் ஒலியைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பும் சிறு துண்டுக்கு (பஃபர் என்பார்கள், 256 சாம்பிள் அளவு என்று வைத்தால்) ஆறு மில்லிநொடிக்கும் குறைவு, ஒலிக் கணக்கில் இரண்டு மீட்டர். உள்ளே நடக்கும் மற்ற வேலைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு கச்சேரி மேடையின் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

"படம் பார்க்கும்போது ஒன்றும் தெரியவில்லையே" என்று கடைத் தம்பி கேட்பான். தெரியாது. படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டி இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். நான் கட்டையில் விரல் வைக்கும் நேரத்தை யார் தாமதிப்பது? போதாததற்கு, அதே இயர்போனின் மைக்கை இயக்கினால் அது போன் பேசும் நிலைக்கு மாறி, குரல் எஸ்டிடி பூத்திலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. விளையாட்டுக்கென்று தாமதம் குறைத்த வகைகள் விற்கின்றன, அவற்றில் தாமதம் குறைகிறதே தவிர மறைவதில்லை. பதிவு முடிந்தபின் படுத்துக்கொண்டு கேட்பதற்குப் புளூடூத் நல்லதுதான். மைத்துனர் இதைப் படிப்பார் என்பதால் இந்த வரி.

ஏற்கெனவே தாமதமாகப் பதிவாகியிருந்தால், கராஜ்பேண்டில் இரண்டு விரலால் கடைசிவரை பெரிதாக்குங்கள். கோட்டோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை அது அப்போது விட்டுவிடும். குரலை மட்டும் பிடித்து மெல்ல முன்னால் இழுக்கலாம். அழகர் பாட்டை அப்படித்தான் சரிசெய்தேன். பெரியவர் கேட்டுவிட்டு, "முன்பு போட்டதுதான் நன்றாக இருந்தது" என்றார்.

மேலூர்த் தம்பிக்கு: கராஜ்பேண்ட் ஆண்ட்ராய்டில் கிடையாது. உன் செல்போனுக்கு பேண்ட்லேப் என்ற செயலி போதும். இலவசம், குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பதிய பதினாறு தடங்கள், பாட்டு இணையத்தில் சேமிக்கப்படுவதால் போன் தொலைந்தாலும் பாட்டு தொலையாது. முளைப்பாரிக்கு அதற்குமேல் தேவையில்லை. உறுமிக்கென்று சொன்னால் கோவாலா சாம்ப்ளர் என்ற செயலி. சிறிய விலை, ஒரு தடவை கொடுத்தால் போதும். உறுமியின் தேய்ப்பு முகத்தில் வரும் அந்த முனகலை மைக்கில் பிடித்து, துண்டு துண்டாகப் பொத்தான்களில் வைத்துக்கொள்ளலாம். நீ போன மாதம் அனுப்பிய பதிவை வைத்து நான் செய்து பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. எஃப்எல் ஸ்டுடியோ மொபைலும் நல்லது, ஆனால் அது தாளத்தைக் கட்டம் கட்டமாக எழுதுகிறவர்களுக்கு. நீ அடித்துப் பார்த்துத் தாளம் கண்டுபிடிக்கிறவன், உனக்கு எரிச்சல் வரும்.

ஆண்ட்ராய்டின் தாமதம் போனுக்குப் போன் மாறும். 2017-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து அதற்கென்று தனி ஏற்பாடு செய்திருக்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொரு போனையும் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜாக் இருக்கிற போனாகப் பார். இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் ஒன்று, 200 ரூபாய்க்கு ஒரு ஒயர் இயர்போன். இவ்வளவுதான் செலவு.

டேப்லெட் வாங்கவே வாங்காதே. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறையிலிருந்து அடிப்படை ஐபேடிலும் ஜாக் கிடையாது. அதற்கும் அடாப்டர் தேட வேண்டும், தூசி துடைக்க வேண்டும், யாராவது ஒயரை இழுத்தால் டவுன்ஹால் ரோட்டுக்கு நடக்க வேண்டும், அங்கே அறிவுரை வேறு கேட்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல ஆர்மோனியம் ஒன்றே வாங்கிவிடலாம்.

இதையெல்லாம் போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்படியானால் உங்களுக்கு அது வேண்டாம்போல, ஆடி முடியும்வரை எனக்குக் கொடுங்கள் அண்ணே" என்றான். ஆடியில் எனக்கே நிறைய வேலை இருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டேன். ஆடியில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை.