தடிமனா, புளூவா: மணிக்கூட்டைப் பாருங்கள்

கடந்த ஆண்டு மே மாதத்தில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் அக்காவுக்குத் தடிமன், எனக்குப் புளூ. அக்காவிடமிருந்து எனக்கும் தடிமன் தொற்றிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். அந்த நினைப்புப் பிழை. இரண்டையும் அருகருகே பார்த்தபின் இப்போது யார் காய்ச்சல் என்றாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை மணிக்குத் தொடங்கியது?

அக்காவால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிறன்று தொண்டை கரகரத்ததாக ஒரு நினைவு. திங்கள் தும்மல், பிறகு மூக்கால் ஓடியது, புதனன்று மூக்கு அடைத்தது. இடையில் சமைத்தாள், வேலைக்கும் போய்வந்தாள். தடிமன் அப்படி மெல்லப் படியேறி வருவது. மூக்கையும் தொண்டையையும் விட்டு அதிகம் நகராது. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

எனக்கோ மணி தெரியும். செவ்வாய், பிற்பகல் மூன்று. மதியச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் பம்பலப்பிட்டி அலுவலகத்தில் பற்றுச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள் திடீரெனக் குளிர்ந்தன. ஐந்து மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியவில்லை. நாரியும் தொடையும் அடிபட்டதுபோல உளைந்தன. கண்ணை அசைத்தால் உள்ளே வலித்தது. வீட்டில் பார்த்தால் 39.4 பாகை. அப்போது மூக்கிலிருந்து ஒரு துளிகூட வடியவில்லை. வறட்டு இருமல் இரவில்தான் வந்தது. காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. மாடிப்படி ஏறினால் கால் தளர்வது மேலும் பத்து நாள் நீடித்தது.

இருமல், தொண்டைவலி, தலையிடி இரண்டிலும் வரலாம். தும்மலும் மூக்கடைப்பும் தடிமனின் பக்கம் சாயும். கடும் காய்ச்சலும் உடம்பு உளைவும் புளூவின் பக்கம் சாயும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் மணியைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. தடிமனை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கு மேல். அவற்றுக்கென்று மருந்து இல்லை, கொத்தமல்லியும் வேதுபிடித்தலும் ஓய்வும் தரும் ஆறுதல்தான். புளூவுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் பயன் அதிகம். எல்லோருக்கும் அது தேவைப்படாது. முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அந்த இரண்டு நாளை வீணாக்கக் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி (அன்டிபயோட்டிக்) மாத்திரை தடிமன் வைரஸையும் கொல்லாது, புளூ வைரஸையும் கொல்லாது. பாமசியில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம்.

கொழும்பில் மழைக்காலத்தில் மூன்றாவது ஒன்றும் வாசலில் நிற்கிறது: டெங்கு. அதுவும் திடீரென்று, கடும் காய்ச்சலோடும் உளைவோடும்தான் வரும். இருமலும் தொண்டைவலியும் இருந்தால் புளூ என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை நம்பி இருந்துவிட முடியாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால் இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அந்த நாளை எண்ணுவதற்கும் தொடங்கிய நேரம் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். உளைவு தாங்கவில்லை என்று இபுபுரோபனோ டைக்குளோபெனாக்கோ அஸ்பிரினோ எடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். தடிமன் மாத்திரைகள் பலவற்றில் பரசிட்டமோல் ஏற்கெனவே இருக்கிறது, பனடோலோடு சேர்த்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் வேளைதான் மிகக் கவனம் தேவைப்படும் வேளை. வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத்திணறல் எந்தக் காய்ச்சலிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறி.

எங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இல்லை, ஆகவே அவர்களுக்கு இந்த மணிக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று நான் அனுபவத்தில் சொல்ல முடியாது. முதியவர்களிடம் புளூ வேறு உருவில் வருவதைப் பார்த்தேன். தடிமன்தானே என்று நான் அம்மாவின் அருகிலேயே இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவரும் விழுந்தார். 68 வயது, நீரிழிவு. காய்ச்சல் 38ஐத் தாண்டவில்லை, அதனால் அக்கா இதுவும் தடிமன் என்றாள். நான் அம்மாவிடம் நேரத்தைக் கேட்டேன். “சாமிக்கு விளக்கேற்றத் திரியை எடுத்தேன் தம்பி, அந்த நேரம்தான் கை நடுங்கியது” என்றார். மாலை ஆறரை மணி. குசினி நாட்காட்டியில் பென்சிலால் குறித்தேன். மறுநாள் காலை டொக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுவே. மூக்கில் எடுத்த மாதிரியில் இன்புளுவென்சா ஏ, அதாவது புளூவின் ஒரு வகை, என்று வந்தது. எனக்குப் பரிசோதனை செய்யவில்லை, ஆனாலும் எனக்கு வந்ததும் அதுவே என்பதில் சந்தேகமில்லை. அம்மா முதல் மாத்திரையை விழுங்கியபோது பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.