சிறிய டிராலர் படகில் ஈயப் பாரம்: எந்த ஆட்டம் குறைந்தது, எது குறையவில்லை

எங்களுடையது 36 அடி உல்லாசப் படகு. உடம்பு மட்டும்தான் மீன்பிடி டிராலர், வலை கிடையாது. சிங்கப்பூரின் தென்தீவுகளுக்குப் போய்வரவே வைத்திருக்கிறோம். அடித்தளத்தில் அரை டன் ஈயக் கட்டிகளை இறக்கி, வடகிழக்குப் பருவக்காற்றிலும் விடியற்காலையில் திடீரென்று பலமாக அடிக்கும் சுமத்ரா காற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்தில் நாலைந்து பேர் ஒரே பக்கம் கூடினாலும் படகு முன்பு போலச் சாய்வதில்லை. சாய்ந்தாலும் சட்டென்று நிமிர்ந்துவிடுகிறது. அம்மா இப்போது பயப்படாமல் மேலே ஏறி உட்காருகிறார். இதற்காகவே செலவு செய்திருக்கலாம்.

ஆனால் லாசரஸ் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு நிற்கும்போது ஃபெரி கிளப்பிவிடும் அலை பக்கவாட்டில் வந்தால், படகு இன்னும் ஆடுகிறது. அதுவும் வெடுக்வெடுக்கென்று ஆடுகிறது. பாரம் கீழே போகப்போக நிமிர்த்தும் விசை கூடும், ஆட்டத்தின் நேரம் சுருங்கும். 4 மீட்டர் அகலப் படகின் மெட்டாசென்டர் உயரம் (படகு நிமிரும் வலுவைக் காட்டும் அளவு, பாரம் தாழத் தாழ இது கூடும்) 1 மீட்டர் என்றால், ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆடி முடிக்கச் சுமார் 3 விநாடி. அந்த உயரம் கூடினால் இந்த நேரமும் குறையும். ஆட்டத்தின் வேகத்தை ஈயம் விழுங்காது. தண்ணீரோடு மல்லுக்கட்டும் ஏதாவது ஒன்று வேண்டும். பக்கக் கம்பத்திலிருந்து ஃப்ளாப்பர் ஸ்டாப்பர் எனும், தண்ணீருக்குள் இருந்து ஆட்டத்தைத் தடுக்கும் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் எங்களால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் படகுக்கு பில்ஜ் கீல் (அடிப்பக்கத்தில் இருபுறமும் நீளமாகப் பொருத்தும் பட்டை) நல்லது.

முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதற்கு வேறு கணக்கு. அங்கே எவ்வளவு பாரம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதே முக்கியம். ஈயத்தை இன்ஜினை ஒட்டி நடுவில் வைத்தோம். உபரிச் சங்கிலியையும் முன்னறையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தோம். எதிரலையில் முன்பக்கம் இப்போது லேசாக எழும்புகிறது, தண்ணீருக்குள் குத்துவது குறைந்துவிட்டது. முனைகளில் பாரம் ஏற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஈயம் தண்ணீரைவிட 11 மடங்கு கனம், கான்கிரீட் இரண்டரை மடங்குக்குள்தான். குறுகிய பில்ஜில் (படகின் அடிக்குழியில்) ஈயமே அடங்கும். பழைய இரும்பு உப்புநீரில் துருப்பிடித்துப் போகும். படகு எவ்வளவு சாய்ந்தாலும் கட்டிகள் நகரக் கூடாது. இறுக்கிக் கட்டுங்கள், பம்புக்குத் தண்ணீர் போகும் வழியை மறைக்காதீர்கள். எங்கள் படகு 2 செ.மீ.க்கும் குறைவாகவே தாழ்ந்தது.

ஈயம் வாங்கும் முன் ஒரு சோதனை: துறையில் கயிறுகளைத் தளர்த்தி, படகை ஆட்டிவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். சோம்பலாக நிமிர்ந்தால், கப்பல் வடிவமைப்பாளர் ஒருவரிடம் கணக்குப் போட்டு ஈயம் சேர்க்கலாம். ஏற்கெனவே வெடுக்கென்று நிமிர்கிறதா? அப்போது பணத்தை ஃப்ளாப்பர் ஸ்டாப்பரில் போடுங்கள்.