செரெங்கெட்டியா, மசாய் மாராவா? குறைந்த செலவில் கூடாரப் பயணம்

கையிருப்பும் விடுப்பும் குறைவென்றால் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் போதும். நைரோபியிலிருந்து சுமார் 6 மணி நேரப் பயணம். காப்பகத்தின் தலேக், செகெனானி வாயில்களுக்கு வெளியே கட்டில் போட்ட கூடாரங்கள் மலிவாகக் கிடைக்கும்.

இன்னும் இரண்டு நாள் கூட்ட முடிந்தால், நான் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவைத்தான் சொல்வேன். அருஷா நகரிலிருந்து போகவே ஒரு பகல் ஆகும், வழியில் ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைக் கடக்கத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் செரோனெரா பகுதியின் பொது முகாம்கள் பூங்காவுக்கு உள்ளேயே, வேலியில்லாமல் இருக்கின்றன. இரவில் கழுதைப்புலிகள் கூடாரத்தை ஒட்டி நடக்கும், படுத்தபடியே சிங்கத்தின் கர்ஜனை கேட்கலாம்! விடிந்ததும் வாயில் திறக்கக் காத்திருக்க வேண்டாம்.

கழிப்பறைக்கு மட்டும் டார்ச்சும் துணையும் இல்லாமல் போகாதீர்கள்.