பைக்குக்குச் சத்தமான ஹார்ன்: டிஸ்க்கா, ஷெல்லா, ஏர் ஹார்னா?

பைக்கோடு வரும் ஹார்ன் பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன டிஸ்க், அதாவது தட்டு வடிவ ஹார்ன். நடந்து போகிறவர் காதில் விழ அது போதும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டு, பாட்டையும் ஓடவிட்டு லேன் மாறுகிற கார்க்காரருக்கு அது போதாது. அவருடைய பக்கக் கண்ணாடியில் தெரியாத இடத்தில் நாம் மாட்டிக்கொண்டிருக்கும்போது, 'இங்கே ஒருத்தன் இருக்கிறேன்' என்று சொல்ல ஹார்னை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால் நல்ல ஹார்ன் மாட்டுவதை நான் வீண் ஆடம்பரமாக நினைக்கவில்லை. ஆனால் எதை மாட்டுவது என்று வரும்போது பலரும் பெட்டியில் அச்சடித்திருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டெசிபல் எண்ணுக்குப் பக்கத்தில் தூரம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 118 டெசிபல் தரும் ஹார்ன், 7 மீட்டரில் சுமார் 107 தான் தரும். கம்ப்ரஸர் தள்ளும் காற்றால் ஒலிக்கும் ஏர் ஹார்ன்கள் சிலவற்றில் 139 என்று போட்டிருப்பார்கள். அதை 10 சென்டிமீட்டர் தூரத்தில் அளந்திருந்தால், 2 மீட்டருக்கு வரும்போது அது 113 ஆகிவிடும். அதாவது பெட்டியில் 118 என்று போட்ட ஹார்னை விடக் குறைவு. தூரம் குறிப்பிடாத எண்ணை வைத்து இரண்டு ஹார்ன்களை ஒப்பிடவே முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே மாதிரி ஹார்ன் இரண்டு போட்டால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைப்போம். உண்மையில் கூடுவது ஏறக்குறைய 3 டெசிபல். நம் காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்றவே சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அப்படியானால் ஏன் ஜோடியாக விற்கிறார்கள்? ஒன்று தாழ்ந்த சுருதி, மற்றது உயர்ந்த சுருதி. ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸும் 500 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும்போது கார் ஹார்ன் மாதிரி நிறைவாகக் கேட்கும். கேட்கிறவர் 'பெரிய வண்டி' என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார். ஜோடியின் பலன் அதில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் பழைய ஹார்னைப் பாருங்கள்

வண்டியில் இருக்கும் ஹார்ன் தொண்டை கட்டின மாதிரிக் கத்துகிறது என்றால், பாதி நேரம் குற்றம் ஹார்னுடையது அல்ல. டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், அல்லது ஹேண்டில் சுவிட்சின் காண்டாக்ட் கறுத்திருக்கும், அல்லது பேட்டரியே சோர்ந்திருக்கும். ஹார்னின் இரண்டு டெர்மினலிலும் மல்டிமீட்டரை வைத்து, ஹார்னை அழுத்தியபடி வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியில் 12.4 இருக்கும்போது ஹார்னில் 10.5 தான் வருகிறது என்றால், புது ஹார்ன் மாட்டினாலும் அதே அழுகைதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஹார்னின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றில் அதன்மேல் பெயின்ட் அடித்து மூடியிருப்பார்கள். உள்ளே இருக்கும் காண்டாக்டின் இடைவெளியைச் சரிசெய்வது அதுதான். கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, அழுத்திப் பார்த்து, சத்தம் தெளிவாகும் இடத்தில் விட்டுவிடலாம். அதற்கு மேல் திருப்பினால் ஹார்ன் சத்தமே போடாமல் கரண்டை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால், அப்புறம் கடைக்குப் போகலாம்.

டிஸ்க்கும் ஷெல்லும்

இரண்டுமே காந்தச் சுருளால் இயங்குகிறவைதான். கரண்ட் பாய்ந்ததும் சுருள் உள்ளே இருக்கும் இரும்புத் துண்டை இழுக்கும், அதோடு சேர்ந்து டயஃப்ரம் என்ற மெல்லிய தகடு நகரும், நகர்ந்ததும் காண்டாக்ட் விலகிக் கரண்ட் நிற்கும், டயஃப்ரம் பழைய இடத்துக்குத் திரும்பும். இது நொடிக்கு நானூறு, ஐந்நூறு தடவை நடக்கும். வித்தியாசம் இதற்கு அப்புறம்தான்.

டிஸ்க் ஹார்னில் அந்த இரும்புத் துண்டு ஒவ்வொரு தடவையும் சுருளின் நடுத்தண்டில் போய் இடிக்கிறது. அந்த அடியில் முன்னால் இருக்கும் வட்டத் தகடு அதிர்ந்து, சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் கூர்மையான ஒலியை எழுப்புகிறது. மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. எஞ்சின், டயர், காற்று எல்லாம் சேர்ந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு டிஸ்க்கின் சத்தம் போவது இதனால்தான். கேட்க இனிமையாக இருக்காது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது சட்டென்று பிடிபடும்.

ஷெல் ஹார்னில் இடிப்பது கிடையாது. டயஃப்ரத்தின் அதிர்வு, சங்கு போலச் சுருண்ட குழாய்க்குள் இருக்கும் காற்றை அதிரவைத்து வெளியே வருகிறது. தாழ்ந்த ஸ்வரம் நிறைய இருக்கும், கார் ஹார்ன் மாதிரிக் கனமாகக் கேட்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் புகுவதில் தாழ்ந்த ஒலிக்குத்தான் வசதி அதிகம். உயர்ந்த ஒலியைக் கதவும் கண்ணாடியும் சுலபமாகத் தடுத்துவிடும்.

ஆக, திறந்த சாலையில் நடப்பவர், சைக்கிள்காரர், இன்னொரு பைக்காரர் என்றால் டிஸ்க் நன்றாக வேலை செய்யும். மூடிய வண்டிக்குள் இருப்பவரைத் தொட ஷெல் வேண்டும். கரண்ட் விஷயத்தில் சின்ன டிஸ்க் ஒன்று 2 முதல் 3 ஆம்பியரோடு முடித்துக்கொள்ளும். ஷெல் ஒன்றுக்கே 4 அல்லது 5 ஆம்பியர் கேட்கும், ஜோடி என்றால் 10 வரை போகும். இடமும் அப்படித்தான். டிஸ்க்கை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். இரண்டு ஷெல்லுக்கு ஒரு சின்ன பைக்கில் இடம் தேடுவது பெரிய பாடு.

என்னைக் கேட்டால், பெரும்பாலான பைக்குகளுக்கு ஷெல் ஜோடியே தேவையில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு, தாழ்ந்த சுருதியில் ஒரே ஒரு ஷெல்லைச் சேர்த்து, இரண்டையும் ஒரே ரிலேயில் (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஓட்டினால் போதும். கூர்மை டிஸ்க்கிலிருந்து வரும், கனம் ஷெல்லிலிருந்து வரும். மொத்தம் 7, 8 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டின் சுருதியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சத்தம் அலை அலையாக ஏறி இறங்கி அசிங்கமாகக் கேட்கும். பழைய டிஸ்க்கிலேயே 400 ஹெர்ட்ஸ் என்று பொறித்திருந்தால், புதிதாக வாங்கும் ஷெல் 500 ஆக இருக்கட்டும்.

ஏர் ஹார்ன்

ஸ்டெபல் நாட்டிலஸ் என்ற மாடல் மாதிரி, கம்ப்ரஸரும் குழாயும் ஒரே கட்டியாக வருகிறவை பைக்கில் மாட்டத் தோதானவை. சத்தம் உண்மையிலேயே மிரட்டும். பெரிய பேட்டரியும் இடமும் உள்ள டூரிங் பைக்கில், நாள் முழுக்க நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓடுகிறவருக்கு இது நியாயமான தேர்வு.

சின்ன பைக்குக்கு இது வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காரணம் கரண்ட். கம்ப்ரஸர் 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். பல சின்ன பைக்குகளில் மெயின் ஃப்யூஸே 10 அல்லது 15 ஆம்பியர்தான். ஃப்யூஸைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேராக வயர் எடுத்தாலும், 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அந்த இழுப்பு வோல்டேஜைத் தடாலென்று கீழே தள்ளும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதே நொடியில் பம்பும் எஞ்சினை நடத்தும் கணினியான இசியுவும் அந்த வோல்டேஜை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு அழுத்துகிற நேரத்தில் எஞ்சின் தடுமாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கம்ப்ரஸர் சுழன்று அழுத்தம் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பது இன்னொரு குறை. லேசாக ஒரு தட்டு தட்டி 'ஓரமாகப் போங்கள்' என்று சொல்ல இதில் வழியில்லை. அழுத்தினால் முழு அலறல், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பக்கத்தில் நடந்து போகும் குழந்தைக்கோ வயதானவருக்கோ அது எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 120 டெசிபலை நெருங்கும் ஒலி காதுக்கு வலியே தரக்கூடியது.

பல ராகம் பாடும் எலக்ட்ரானிக் ஹார்ன், சைரன் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் குறைவாகவே எடுக்கும், ஆனால் பைக்குக்கு வேண்டாம். கேட்கிறவருக்கு அது எச்சரிக்கையா, ஃபோன் ரிங்டோனா, ஆம்புலன்ஸா என்று புரியவே ஒரு நொடி ஆகும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 28-ஆம் எண் வாகன விதி, ஹார்ன் ஒலி தொடர்ச்சியாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும் என்கிறது. வண்டியின் முன்னால் 7 மீட்டரில் அளக்கும்போது, மோட்டார் சைக்கிள் ஹார்ன் அதிகபட்சம் 112 டெசிபல் வரை இருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நல்ல டிஸ்க்கும் ஷெல்லும் இந்த வரம்புக்குள்ளேயே நம் வேலையை முடித்துவிடும்.

வயரிங்

எந்த ஹார்ன் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், வயரிங்கை மட்டும் 'இருக்கிற வயரிலேயே மாட்டிடு' என்று மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறார்கள். பைக்கில் வரும் ஹார்ன் வயர் பெரும்பாலும் 0.5 அல்லது 0.75 சதுர மில்லிமீட்டர். போக வர 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.5 வயரில் 9 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் தொலைந்துபோகும். சுவிட்சிலும் கனெக்டரிலும் போவது தனி. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு 0.3 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஹேண்டில் சுவிட்சும் 10 ஆம்பியரைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. சில மாதங்களில் காண்டாக்ட் கருகும். அப்புறம் அவசரத்துக்கு அழுத்தினால் சத்தமே வராது.

அதனால் ரிலே கட்டாயம். நாலு கால் ரிலே ஒன்று போதும். 30-ஆம் எண் காலுக்கு பேட்டரியின் பாஸிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக வயர். 87-இலிருந்து ஹார்ன்களுக்கு. ஹார்ன்களின் மறுமுனை பேட்டரி நெகட்டிவுக்கு. பெயின்ட் அடித்த பிராக்கெட்டை நம்பி சேஸிஸில் எர்த் கொடுப்பதைவிடத் தனி வயர் இழுப்பது நல்லது. பழைய ஹார்னில் சொருகியிருந்த இரண்டு வயரும் 85, 86 கால்களுக்குப் போகும்.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சில பைக்குகளில் சுவிட்ச் பாஸிட்டிவைத் தரும், சிலவற்றில் ஹார்னுக்கு எப்போதும் பாஸிட்டிவ் வந்துகொண்டிருக்கும், சுவிட்ச் எர்த்தை மட்டும் தரும். சாதாரண ரிலேயில் இரண்டு வயரையும் 85, 86-இல் எப்படி மாற்றிச் சொருகினாலும், எந்த வகை வண்டியானாலும் வேலை செய்யும். சாவியை எடுத்துவிட்டால் ரிலேயும் அணைந்துவிடும். ஹார்னை எலக்ட்ரானிக் மாட்யூல் கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் மட்டும், உள்ளே டயோட் வைத்த ரிலே வாங்குங்கள். சுருள் அணையும்போது எழும் வோல்டேஜ் மாட்யூலைத் தாக்காமல் அது பார்த்துக்கொள்ளும். அந்த வகையில் பாஸிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது. ரிலேயின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்துச் சொருக வேண்டும்.

ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஹார்னுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஆளிருக்காது. ஒரு டிஸ்க், ஒரு ஷெல் என்றால் 10 ஆம்பியர். ஷெல் ஜோடிக்கு 15. ஏர் ஹார்னுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 20 ஆம்பியர் ஃப்யூஸும். கம்பெனி வயரை வெட்ட வேண்டாம். 6.3 மில்லிமீட்டர் ஸ்பேட் டெர்மினலை (தட்டையான சொருகுமுனை) வயரோடு நெரித்துக் கிரிம்ப் செய்து, பழைய சாக்கெட்டிலேயே சொருகுங்கள். நாளைக்கே எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்க முடியும். சால்டர் வைத்த இடம் பைக்கின் அதிர்வில் ஓரத்தில் முறிகிறது. கிரிம்ப்பும் அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க்கும் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) அதைவிட நம்பகமானவை.

எங்கே மாட்டுவது

ஹார்னோடு வரும் அடுக்குத் தகடு பிராக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அது வளைந்து கொடுத்தால்தான் ஹார்ன் முழுதாக அதிரும். ஹார்னின் உடம்பு ஃபேரிங்கிலோ (வண்டியின் வெளி மூடி) ஃப்ரேமிலோ தொட்டாலே பாதிச் சத்தம் செத்துவிடும். ஷெல்லின் வாய் முன்னோக்கியும் கொஞ்சம் கீழ்நோக்கியும் இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் ஒரே மழையில் உள்ளே தண்ணீர் தேங்கிக் கொழகொழவென்று கத்தும்.

மாட்டியதும் ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நன்றாக அழுத்திப் பாருங்கள். ஃபோர்க் முழுதாக உள்ளே போகும்போது மட்கார்டோ டயரோ ஹார்னில் இடிக்கக் கூடாது. ரேடியேட்டர் உள்ள வண்டியில் அதன் முகத்தை மறைத்துத் தொங்கவிடாதீர்கள். கடைசியாக, காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, ஹார்னை அழுத்தியபடி அதன் டெர்மினலில் மறுபடி மல்டிமீட்டரை வையுங்கள். அதே நேரத்தில் பேட்டரியில் இருப்பதற்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏதோ ஒரு கிரிம்ப் சரியில்லை. முதல் வாரம் ஓட்டிய பிறகு பிராக்கெட் நட்டை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்; புதிதாக மாட்டியது அதிர்வில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.